பன்னிரண்டாம் துரை

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் கணவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். பொய்யில்லை. பால் பாக்கெட் ஓட்டையாக இருந்தால்கூடக் கடைக்காரரைப் பிடித்து உலுக்கிவிட்டுத்தான் வருவேன். ஆனால் பன்றிகளிடம் நான் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. அந்தப் பொறுமையால்தான் இத்தனையும் வந்தது.

நான் வேலை பார்த்த இடத்தில் மனிதர்களுக்கு உறுப்பு கொடுப்பதற்காகப் பன்றிகளை வளர்த்தார்கள். சாதாரணப் பன்றியின் இதயத்தை ஒரு மனிதனுக்குள் வைத்தால் உடம்பு அதை அன்றைக்கே அடித்து விரட்டிவிடும். அதற்காக ஆய்வகத்தில் ஒரே ஒரு குட்டியின் செல்லை எடுத்து, அதில் சண்டை மூட்டுகிற மரபணுக்களை நீக்கி, மனிதருடையவை சிலவற்றைச் சேர்த்து, அந்த ஒன்றிலிருந்தே நகல் நகலாகக் குட்டிகளை உண்டாக்கினார்கள். குளோன். எல்லாம் ஆண். எல்லாவற்றுக்கும் இடது கண்ணுக்கு மேலே ஒரே இடத்தில் ஒரு சுழி. காதில் தொங்கும் மஞ்சள் வில்லையின் எண்ணைப் பார்க்காமல் எது எதுவென்று பெற்ற தாய்க்கே தெரியாது. பெற்ற தாயும் வாடகைத் தாய்தான்.

பெயர் வைக்கக் கூடாது என்பது விதி. நான் எல்லாவற்றையும் 'துரை' என்று கூப்பிட்டேன். எல்லாருக்கும் ஒரே பெயர் என்றால் அது பெயரில் சேராது என்று வாதம் வேறு செய்தேன்.

“உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியுமாக்கா?” என்பான் தாடி. தாடி என்னோடு கொட்டிலில் வேலை பார்த்தவன். தலைக்கு ஒன்று தாடிக்கு ஒன்று என்று இரண்டு வலை மாட்டிக்கொண்டுதான் உள்ளே வருவான். துரைமார்களைப் பார்க்கப் போகும் முன் நாங்கள் தலைக்குக் குளிக்க வேண்டும், நகம் வெட்டியிருக்க வேண்டும், அங்கே கொடுக்கிற உடையும் பூட்ஸும்தான் போட வேண்டும். என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு தேய்த்துக் குளித்ததில்லை.

முதல் தொகுதியில் நான்கு குட்டிகள். ஒன்றிலிருந்து நான்கு வரை எண்கள். அவை பெரிதாகிற சமயத்தில் பெரிய டாக்டருக்கு ஒரு கவலை வந்தது. அறுவை சிகிச்சை செய்கிறவர் அவர்தான். பயந்த பன்றியின் ரத்தத்தில் என்னென்னவோ ஊறி, எடுக்கிற உறுப்பு சோர்ந்துபோய்விடும் என்றார். கொட்டிலுக்குள் போய் மயக்க ஊசி போட்டால் ஒன்று கத்தும், மற்ற மூன்றும் சேர்ந்து கத்தும், கூரையே பிய்த்துக்கொண்டு போகும்.

“என்கிட்ட விடுங்க டாக்டர். ஊசி இல்லாம அதுங்களே நடந்து வரும்” என்றேன்.

எப்படி என்றால், எடை பார்க்கிற தராசு கொட்டிலில் இல்லை. முப்பது அடி நடைபாதை தாண்டி ஒரு தனி அறையில் இருந்தது. அந்த அறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று நாங்கள் நுழைவது. மற்றது ஆபரேஷன் தியேட்டருக்குப் போவது, எப்போதும் மூடியே இருக்கும். வாரம் ஒருமுறை ஒவ்வொரு துரையையும் காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்து, “வாடா துரை, ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடப்பேன். பின்னாலேயே வரும். தராசில் ஏறி நின்றால் ஒரு துண்டு ஆப்பிள். பிறகு கொட்டிலுக்குத் திரும்பல். ஆறு மாதம் இப்படிப் பழக்கினேன். குறித்த நாளன்றும் அதே போல்தான் வந்தன. ஆப்பிள் தின்றுகொண்டிருக்கும்போது மற்றக் கதவு திறந்தது, அவ்வளவுதான்.

மூன்று துரைகள் அப்படியே போனார்கள். பெரிய டாக்டர் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. நானும் ரொம்பத்தான் பூரித்துப்போனேன்.

நான்காவது மட்டும் நடைபாதை முடிகிற இடத்தில் நின்றுவிட்டது. மற்ற மூன்றும் என் பின்னால் போனதையும் திரும்பி வராததையும் அது பார்த்திருந்தது. கத்தவில்லை. தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தது. “வாடா துரை, ஒண்ணுமில்ல” என்றேன். நகரவில்லை. பின்னால் போய் என் முழங்காலை அதன் தொடையில் வைத்துத் தள்ளினேன். தள்ளத் தள்ள ஒவ்வோர் அடியாகப் போயிற்று, என்னையே திரும்பிப் பார்த்துக்கொண்டு. அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். தலைவலி என்று என் கணவரிடம் சொன்னேன். மறுநாள் மறந்தும்விட்டேன்.

இரண்டாம் தொகுதியில் ஆறு குட்டிகள் பிறந்தன. மூன்றாம் நாள் பால் புட்டியோடு உள்ளே போனேன். இன்னும் கால் சரியாக ஊன்றாத குட்டிகள். நான் கதவைத் திறந்ததும் ஆறும் எதிர்ச் சுவருக்குப் போய், மூக்கைச் சுவரில் அழுத்திக்கொண்டு வரிசையாக நின்றன. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பன்றிக்குட்டி எதற்கும் கத்தும். பசித்தால், தூக்கினால், தூக்காவிட்டால். இவை மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் திரும்பவில்லை. நான் வெளியே வந்து தாடி உள்ளே போனதும் ஆறும் கீச்சிட்டுக்கொண்டு அவன் பூட்ஸ் மேல் ஏறின.

சோப்பை மாற்றிப் பார்த்தார்கள். உடையை மாற்றினார்கள். தாடியின் பூட்ஸையே எனக்கு மாட்டி அனுப்பினார்கள். சுவர்தான். கடைசியில் என்னைச் சலவை அறைக்கு மாற்றினார்கள். மூன்றாம் தொகுதி, பதினொன்றிலிருந்து பதினாலு வரை, தாடியின் பொறுப்பில் வேறு கட்டடத்தில் பிறந்து வளர்ந்தது. நான் அந்தப் பக்கமே போகவில்லை. அங்கே வேலை பார்த்தவர்களின் உடைகளைத் துவைத்து மடித்து அடுக்குவதோடு சரி.

அந்த வருடம்தான் என் கணவருக்கு உடம்புக்கு வந்தது.

அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருபத்திரண்டு வருடமாக அவருக்கு நான், எனக்கு அவர். ஏதோ ஒரு காய்ச்சல் வந்துபோன பிறகு இதயம் வீங்கித் தொளதொளத்துவிட்டது என்றார்கள். பேருந்தின் மூன்று படி ஏற முடியவில்லை. பிறகு செருப்பு மாட்டக் குனிய முடியவில்லை. மனித இதயத்துக்காக ஐந்து மாதம் காத்திருந்தோம், வரவில்லை. பன்றி இதயத்துக்கு ஒத்துக்கொள்கிறீர்களா என்று பெரிய டாக்டரே வந்து கேட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் கணவர்தான் சிரித்தார்.

“இவ்வளவு நாள் நீ ஊட்டி வளர்த்ததுல ஒண்ணு எனக்கு வருதுன்னு வெச்சுக்க. வீட்டுச் சொத்து வீட்டுக்கே வருது.”

“நான் வளர்த்தது இல்லை. அது தாடி வளர்த்தது” என்றேன். பன்னிரண்டாம் எண். என்னைக் கண்ணால்கூடப் பார்த்திராத பன்றி. அது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. ஏன் நிம்மதி என்று யாரும் கேட்கவில்லை.

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. நான்காம் நாள் காலையில், கவுன், மாஸ்க், தொப்பி எல்லாம் மாட்டிவிட்டு என்னை உள்ளே விட்டார்கள். அவர் முகத்தில் மறுபடி ரத்தம் ஓடுவதைப் பார்த்தேன். உதடு நீலமாக இல்லை. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. கட்டிலுக்கு மேலே மானிட்டரில் நாடித்துடிப்பு அதுவரை தொண்ணூற்றிரண்டு என்று ஓடிக்கொண்டிருந்ததாக நர்ஸ் பிறகு சொன்னாள். நான் பார்க்கும்போது நூற்றி நாற்பது.

“பாத்தியா, உன்னைக் கண்டதும் துள்ளுது” என்றார் அவர்.

“இந்த வயசுல ரொமான்ஸா சார்?” என்றாள் நர்ஸ். மூன்று பேரும் சிரித்தோம். நான் வெட்கப்பட்டதைக்கூட ஒத்துக்கொள்கிறேன்.

மறுநாள் போனபோது நூற்றி நாற்பத்தைந்து. நான் கிளம்பியதும் தொண்ணூற்றிரண்டு. பெரிய டாக்டர் என்னை வெளியே நாற்காலியில் உட்காரவைத்தார்.

“இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இதயத்தை எடுத்து வைக்கும்போது நரம்பெல்லாம் அறுந்துடும். மூளைக்கும் அதுக்கும் இப்ப ஒயரே கிடையாது. அவர் சந்தோஷப்பட்டாலும் பயந்தாலும், ரத்தத்துல சுரக்கிறது போய்ச் சேர்ந்து மெதுவாத்தான் ஏறணும். சில நிமிஷம் ஆகும். ஆனா நீங்க லிஃப்ட்ட விட்டு இறங்கின உடனே ஏறுது.”

“லிஃப்டா? அங்கேருந்து அவருக்கு என்னைத் தெரியாதே?”

“அவருக்குத் தெரியாது” என்றார் டாக்டர்.

வியாழக்கிழமை நேரத்தை மாற்றிப் பார்க்கலாம் என்றார். சாயங்காலம் நாலு மணிக்குக் கூப்பிட்டார்கள். அவர் மாத்திரையில் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். முதலில் என் உயரத்திலேயே இருக்கும் ஒரு நர்ஸை என்னைப் போலவே மூடிமறைத்து உள்ளே அனுப்பினார்கள். தொண்ணூற்றிரண்டு. பிறகு என்னை. ஒரு வார்த்தை பேசாமல், செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு போனேன். அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. நல்ல கனவு காண்கிற முகம். மானிட்டர் நூற்றி ஐம்பத்தாறைத் தாண்டிக் கூவத் தொடங்கியது.

வெறுங்காலோடே வெளியே ஓடி வந்தேன். ஆனாலும் தற்செயல் என்று சொல்லிக்கொள்ள ஒரு சின்ன இடம் இருந்தது. அதையும் மறுநாள் தாடி வந்து மூடிவிட்டான்.

சலவை அறையில் உடைகளை இயந்திரத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் வாசலிலேயே நின்றான். கையில் கொட்டில் பதிவேடு.

“அக்கா, நேத்து சாயங்காலம் நாலு பத்துக்கு எங்க இருந்தீங்க?”

“ஆஸ்பத்திரியில. ஏன்?”

“அதுக்கு முந்தின நாள் காலையில பத்து நாப்பதுக்கு?”

“அங்கதான். என்ன போலீஸ் மாதிரி கேக்கற?”

அவன் பதிவேட்டைத் துணிகளின் மேல் விரித்து வைத்தான். பதினொன்று, பதிமூன்று, பதினாலு. அந்தத் தொகுதியில் மிச்சம் இருக்கிற மூன்று துரைகள். செவ்வாய் பத்து முப்பத்தெட்டு: மூன்றும் கிழக்குச் சுவரில், சத்தமில்லை, இருபது நிமிடம். புதன் பத்து நாற்பது: அதே. வியாழன் நாலு பத்து: அதே. அவன் கோழிக்கிறுக்கல் கையெழுத்து. அந்தக் கட்டடத்திலிருந்து ஆஸ்பத்திரி ஆறு கிலோமீட்டர்.

“செவ்வாக்கிழமை வயித்து வலியோன்னு நெனச்சேன்” என்றான் தாடி. “நேத்துதான் உங்க ஞாபகம் வந்துச்சு. அப்படியேதான் நிக்குதுங்க அக்கா. மூக்கைச் சுவத்துல வெச்சுக்கிட்டு.”

நான் அவனிடம் நாலாவது துரையைப் பற்றிச் சொன்னேன். முழங்காலைப் பற்றியும். அவன் பதிவேட்டை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் யோசித்தது இதுதான். என்னைப் பார்த்திராத பன்றி என்று நினைத்துக்கொண்டிருந்தது என் மடத்தனம். பன்றிகள் பதினாலு என்பது நாங்கள் போட்ட கணக்கு. அவற்றுக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஒரே துரைதான். அந்த ஒரே துரை என்னை நம்பிப் பின்னாலேயே வந்தது, நடைபாதை முடிகிற இடத்தில் நின்று என் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டது.

பெரிய டாக்டருக்கு இந்தக் கதையெல்லாம் வேண்டியிருக்கவில்லை. அவருக்கு மானிட்டர் போதும்.

“காரணம் எனக்குத் தெரியாது. தையல் இன்னும் ஆறல. இதே மாதிரி இன்னும் ரெண்டு தடவை ஓடினா தாங்காது. நீங்க வராதீங்க.”

“எவ்வளவு நாளைக்கு?”

“தெரியலம்மா. கடைசி வரைக்கும்கூட இருக்கலாம்.”

போனில் பேசினால் ஒன்றும் ஆவதில்லை என்று சோதித்துப் பார்த்தார்கள். நான் பக்கத்தில் போனால்தான். ஆகவே அவரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். ஆப்பிள், தராசு, நாலாவது துரை, சுவர். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “இவ்வளவுதானே?” என்றார். “வந்து மன்னிப்புக் கேளு.”

“யார்கிட்ட?”

“அதுகிட்டதான். என் நெஞ்சுக்குள்ள குடியிருக்குது. நான் சொன்னா கேக்காதா? நீ வா.”

“முடியாது. டாக்டர் சொல்லிட்டார்.”

“நீ வர்ற வரைக்கும் மாத்திரை போடமாட்டேன்” என்றார். அந்த மனுஷனின் பிடிவாதத்தோடு இருபத்திரண்டு வருடம் குடித்தனம் செய்தவள் நான். சொன்னால் செய்வார். உடம்பு புது இதயத்தோடு சண்டைக்குப் போகாமல் இருக்க அந்த மாத்திரைகள்தான் காவல். ஒரு நாள் முழுக்கப் போடவில்லை. வேறு வழியில்லாமல், ஷாக் கொடுக்கிற இயந்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடம் என்று டாக்டர் என்னை விட்டார்.

அவர் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை சூடாக இருந்தது. நோயில் கிடந்த மாதங்களில் அது ஐஸ்கட்டி மாதிரி இருக்கும். மானிட்டரை நான் பார்க்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அவர் நெஞ்சில் ஒட்டியிருந்த கட்டுக்கு நேராகக் குனிந்தேன். என்ன சொல்வதென்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. பயந்துகொண்டிருக்கிற ஒன்றை ஆற்றுவதற்கு எனக்குத் தெரிந்த வார்த்தை ஒன்றுதான். தெரிந்த குரலும் ஒன்றுதான்.

“ஒண்ணுமில்ல துரை” என்றேன்.

சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் முகம் சிரித்துக்கொண்டேதான் இருந்தது. கை என் கையை விடவில்லை. ஆனால் அவர் உடம்பு, அவர் சொல்லாமலேயே, மெதுவாகத் திரும்பியது. தோள் திரும்பியது, இடுப்பு திரும்பியது. முகமும் திரும்பி மூக்கு கட்டிலை ஒட்டிய சுவரில் போய் அழுந்தியது. “என்ன இது... நான் திரும்பலையே” என்றார் சுவரைப் பார்த்து. பிறகு பேச்சு நின்றது. என்னை யாரோ பின்னாலிருந்து இழுத்து வெளியே தள்ளினார்கள். கதவின் கண்ணாடி வழியாக அவர் உடம்பு இரண்டு முறை தூக்கிப்போட்டதைப் பார்த்தேன்.

பிழைத்துக்கொண்டார். இரண்டு நாளில் கண்விழித்து அவர் கேட்ட முதல் கேள்வி, “அவ எப்ப வருவா?” என்பதாம். நர்ஸ் சொன்னாள். “இன்னொரு தடவை முயற்சி பண்ணலாம், கொஞ்சம் கொஞ்சமா பழக்கிடலாம்னு சொல்றாரு மேடம்.”

பழக்குவது பற்றி எனக்குத் தெரியும். அவரும் விடமாட்டார் என்பது தெரியும். வீட்டுக்கு அனுப்பினால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். நான் எங்கே போனாலும் பேருந்தை எடுத்துக்கொண்டு தேடி வருவார். உண்மையைச் சொல்லி அவரைத் தடுக்க முடியாது, அதைத்தான் சொல்லிப் பார்த்தாயிற்றே. அவர் என்னைத் தேடக் கூடாது என்றால் அவருக்கு என்மேல் வெறுப்பு வர வேண்டும். ஒரு நாள் முழுக்கத் துணி துவைத்துக்கொண்டே வார்த்தைகளைத் தயார் செய்தேன். மதியம் சாப்பாட்டு இடைவேளையில் சலவை அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போன் செய்தேன்.

“எப்ப வர்ற?” என்றார் எடுத்ததுமே.

“வரல.”

“டாக்டர் கிடக்கட்டும். நான் பேசிக்கறேன்.”

“டாக்டர் இல்ல. எனக்கே பிடிக்கல. அருவருப்பா இருக்கு.”

அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் மேலே சொன்னேன்.

“அன்னிக்குக் கையைப் பிடிச்சேன்ல, வீட்டுக்கு வந்து மூணு தடவை கழுவினேன். பன்னியோட என்னால குடும்பம் நடத்த முடியாது. என்னைத் தேடாதீங்க.”

இயந்திரம் துணியைச் சுழற்றிக்கொண்டிருந்தது. அது எனக்குத் துணையாக இருந்தது, இல்லாவிட்டால் என் மூச்சு அவருக்குக் கேட்டிருக்கும். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“சரிம்மா” என்றார். “உனக்குக் கஷ்டம்னா வேண்டாம்.”

போனை வைத்துவிட்டார். ஈரத் துணிக் கூடைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கால் மணி நேரம் கழித்து நர்ஸ் கூப்பிட்டாள். நான் சொல்லித்தான் அவள் அந்த நேரம் முழுக்க அவர் பக்கத்தில் நின்றிருந்தாள்.

“என்ன மேடம் சொன்னீங்க அவர்கிட்ட? இப்படி அழற ஆம்பளைய நான் பாத்ததே இல்ல. தலகாணி முழுக்க நனைஞ்சு போச்சு. இன்னும் நிறுத்தல.”

“மானிட்டர்ல என்ன காட்டுது?”

“அதான் மேடம் புரியல” என்றாள். “எண்பதுக்கு வந்திருக்கு. இத்தனை நாள்ல இவ்வளவு நிதானமா ஓடினதே இல்ல. மனுஷன் ஒடைஞ்சு போய் அழறாரு, உள்ள அது பாட்டுக்கு நிம்மதியா தூங்குது.”

கண்ணைத் துடைத்துவிடு, மாத்திரை நேரத்துக்குக் கொடு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.